உடைந்த கிண்ணமும் பறக்காத நாரையும்

கைகூடாத காதலைப் பாடாத இலக்கியம் எம்மொழியிலும் இல்லை. குலம் தடுத்த காதல், பொருள் தடுத்த காதல், போர் பிரித்த காதல், சாவு முறித்த காதல் என அதன் வகைகள் பல. அவற்றைப் படிக்கும்போது நாம் தடையை வெறுக்கிறோம். தடைப்பட்டவர்களுக்காகக் கண் கலங்குகிறோம். அந்த ஒரு தடை மட்டும் இல்லாதிருந்தால் இருவரும் இன்புற்று வாழ்ந்திருப்பார்கள் என்று எண்ணி நெஞ்சை ஆற்றிக் கொள்கிறோம்.

ஆனால், புறத்தே பெருந்தடை எதுவும் இல்லாத இடத்திலும் காதல் கைகூடாமற் போவதுண்டு. இருவரும் இளையவர், தடுப்பதற்குப் பெற்றோர் உயிரோடு இல்லை, குலமும் செல்வமும் குறுக்கே நிற்கவில்லை. எனினும் ஒருவர் கை மற்றவர் கையை எட்டவில்லை. அப்போது நாம் யாரை நோவது? விதியையா, அவ்விருவரையா, அல்லது அவர்களுக்கு முன் வாழ்ந்து மறைந்தவர்களையா?

இந்த வினாவை மிகத் தாழ்ந்த குரலில் எழுப்பும் நாவல் ஒன்று உண்டு. ஜப்பானிய எழுத்தாளர் யசுனாரி கவபாட்டாவின் 'ஆயிரம் நாரைகள்' என்பதே அது. 1949-ஆம் ஆண்டு முதல் இதழ்களில் பகுதி பகுதியாக வெளிவந்து, 1952-இல் நூலுருவம் பெற்றது. போரில் தோற்று, அயலார் படைகளின் மேலாட்சியின்கீழ் ஜப்பான் தலைகுனிந்திருந்த காலம் அது. ஆயினும் நாவலில் அரசியல் இல்லை. மேடைப் பேச்சு இல்லை. தேநீர்க் கிண்ணங்கள் உண்டு, மலர்கள் உண்டு, ஒரு துணி உண்டு, இறந்தவர்களின் நினைவு உண்டு.

கவபாட்டா 1899-இல் ஒசாகா நகரில் பிறந்தவர். மூன்று வயதிற்குள் தந்தையையும் தாயையும் இழந்தவர். பின்னர்ப் பாட்டியும் தமக்கையும் மறைந்தனர். பதினைந்து வயது நிறையுமுன் வளர்த்த பாட்டனாரும் மறைந்தார். 1968-ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெற்ற முதல் ஜப்பானியர் என்று உலகம் அவரைப் போற்றியது. 1972 ஏப்ரலில் அவர் உயிர் நீத்தார். இறந்தவர்கள் இருப்பவர்களின் வாழ்வில் எவ்வளவு இடம் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதை அவர் ஏட்டில் கற்கவில்லை. பிள்ளைப் பருவத்திலேயே பட்டு அறிந்தார்.

நாம் ஜப்பானிய மொழி அறியோம். எட்வர்ட் சைடென்ஸ்டிக்கர் ஆங்கிலத்தில் பெயர்த்தளித்த வாயில் வழியே நுழைந்துதான் இந்நாவலைக் கண்டோம். இரண்டு மொழிகளைக் கடந்து வந்த பின்னும் ஒரு படைப்பு நம் நெஞ்சில் இவ்வளவு இடம் கொள்கிறதென்றால், அதில் மொழிக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்று இருத்தல் வேண்டும். அதனைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையின் போக்கு

கிகுஜி இருபதுகளில் இருக்கும் இளைஞன். தாய் தந்தை இருவரும் இல்லை. தந்தை தேநீர்க் கலையில் ஊறியவர். அரிய பாத்திரங்களைத் திரட்டி வைத்தவர். மனைவி இருக்கவே வேறு பெண்களோடு தொடர்பு கொண்டிருந்தவர். அவர்களுள் ஒருத்தி சிகாகோ. தேநீர்ச் சடங்கைக் கற்பிக்கும் ஆசிரியை அவள். தந்தை அவளைச் சில காலத்திலேயே விலக்கிவிட்டார். மற்றொருத்தி ஓட்டா அம்மையார், தந்தையின் தேநீர் நண்பர் ஒருவரின் கைம்பெண். அவரோடு கொண்ட உறவு தந்தையின் இறுதிவரை நீடித்தது. அம்மையாருக்கு ஃபுமிகோ என்றொரு மகள். தன் தாயின் உறவை முதலில் வெறுத்த அச்சிறுமி, போர்க்காலத்தில் மனம் இளகி, குண்டுவீச்சு அச்சம் நிறைந்த இரவுகளில் கிகுஜியின் தந்தைக்கு வழித்துணையாகச் சென்றவள்.

காமக்குரா நகரத்து எங்ககுஜி என்னும் பழம்பெரும் ஜென் கோயிலின் வளாகத்தில் சிகாகோ ஒரு தேநீர் விருந்து நடத்துகிறாள். கிகுஜிக்குப் பெண் காட்டுவதே அவள் உள்நோக்கம். அங்கு வந்த யூகிகோ என்னும் கன்னி, இளஞ்சிவப்பு நிறத்தில் வெண்ணாரைகள் பறக்கும் ஒரு பொதிதுணியைக் கையில் ஏந்தியிருக்கிறாள். நாவலின் தலைப்பு அத்துணியிலிருந்தே பிறந்தது.

ஆனால் அன்று கிகுஜியின் வாழ்வைத் திருப்பியவள் அக்கன்னியல்லள். அழையாமலே வந்திருந்த ஓட்டா அம்மையார், மகனிடத்தில் தந்தையைக் காண்கிறார். வயதும் நெறியும் மறந்து அவ்விருவரும் அன்றிரவு ஒன்றுபடுகின்றனர். அதன் பின் அம்மையாரைக் குற்றவுணர்வு அரிக்கிறது. பின்னர் உறக்க மருந்தை அளவின்றி உண்டு அவர் உயிர் துறக்கிறார். தாயின் நினைவாக, 'ஷினோ' வகையைச் சேர்ந்த ஒரு நீர்ச்சாடியையும், பின்னர் அதே வகைத் தேநீர்க் கிண்ணம் ஒன்றையும் ஃபுமிகோ கிகுஜிக்குக் கொடுக்கிறாள். துயரம் இருவரையும் நெருங்கச் செய்கிறது. யூகிகோவும் ஃபுமிகோவும் மணமாகிப் போய்விட்டார்கள் என்று சிகாகோ பொய் உரைக்கிறாள். பொய் வெளிப்படுகிறது. ஃபுமிகோ வருகிறாள், தன் தாயின் கிண்ணத்தைக் கல்தொட்டியில் மோதி உடைக்கிறாள். அவ்விரவு இருவரும் கலக்கின்றனர். மறுநாள் கிகுஜி அவளைத் தேடிச் செல்கிறான். அவள் இல்லை, பயணம் போய்விட்டாள் என்கிறார்கள். அவள் இறந்திருப்பாளோ என்ற அச்சம் அவனைப் பற்றிக்கொள்ள, நாவல் முடிகிறது.

சுருக்கிச் சொன்னால் கதை முகஞ்சுளிக்க வைக்கும். தந்தையின் காதலியை மகன் நாடுவதும், பின்னர் அவள் மகளையே விரும்புவதும் அறத்தொடு பொருந்துமோ என்று கேட்பவர் கேட்பர். கேட்பது முறையே. ஆசிரியரும் அதனை மூடி மறைக்கவில்லை, பாராட்டவும் இல்லை. நோயைக் காட்டும் மருத்துவன்போல் காட்டுகிறார். தீர்ப்புரைக்கும் நடுவர்போல் பேசவில்லை. தீர்ப்பை அவர் பொருள்களின் வாயிலாகப் பேச விட்டிருக்கிறார்.

பொருள்கள் பேசும் மொழி

தமிழர்க்குக் குறியீடு புதிதன்று. சொல்ல வந்ததை வெளிப்படக் கூறாது, நிலத்தின் மலரிலும் விலங்கிலும் பறவையிலும் ஒளித்து வைக்கும் முறையை உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் தொல்காப்பியம் பெயரிட்டு வகுத்தது. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும் பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பிரித்து, அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியதும் அந்நூலே. இப்பயிற்சி உடைய கண்ணுக்குக் கவபாட்டாவின் கலை எளிதில் புலப்படும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சங்கப் புலவர் உள்ளுறையை இயற்கையில் வைத்தனர். கவபாட்டா பெரும்பாலும் மனிதன் செய்து, மனிதன் பயன்படுத்தி, மனிதனுக்குப் பின்னும் எஞ்சி நிற்கும் பாண்டங்களில் வைத்தார்.

முதலில், சிகாகோவின் உடலில் உள்ள மறு. இடமார்பின் பாதியை மூடிப் படர்ந்த கருமையான மறு அது. எட்டு ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோது, அம்மறுவில் முளைத்த மயிரை அவள் கத்தரித்துக் கொண்டிருந்ததைக் கிகுஜி கண்டுவிட்டான். அக்காட்சி அவன் நெஞ்சைவிட்டு அகலவே இல்லை. தந்தையின் மறைவான வாழ்க்கையை ஒரு குழந்தை முதன்முதலாகக் கண்ட கணம் அது. மறு அவளுடைய உடலில் இருந்தது. வடு அவனுடைய உள்ளத்தில் பதிந்தது. செய்தவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்னும் இந்நாவலின் அறச்சிக்கல் முழுவதும் முதற்பக்கங்களிலேயே அம்மறுவில் அடங்கிவிடுகிறது.

அடுத்து, விருந்தில் வந்த கருநிற 'ஒரிபே' கிண்ணம். ஒரிபே என்பது ஃபுருதா ஒரிபே என்ற தேநீர் ஆசானின் பெயரால் அமைந்த மட்பாண்ட வகை. தேநீர்க் கலைக்கு இலக்கணம் வகுத்த சென் நோ ரிக்யூவின் மாணவர் அவர். அரசாள்வோரின் ஆணைப்படி ரிக்யூ 1591-இலும், ஒரிபே 1615-இலும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. இத்தகைய கிண்ணம் ஒன்று ஓட்டாவிடமிருந்து அவர் மனைவிக்கும், அவரிடமிருந்து கிகுஜியின் தந்தைக்கும், அவரிடமிருந்து சிகாகோவுக்கும் கை மாறி வந்திருக்கிறது. கணவன், மனைவி, காதலன், மற்றொரு காதலி என நால்வர் கைபட்ட அக்கிண்ணத்தில், எதுவும் அறியாத யூகிகோ தேநீர் கலந்து கிகுஜியிடம் நீட்டுகிறாள். அவனும் பருகுகிறான். அங்கே அமர்ந்திருந்தோர் பலர்க்கும் அது அழகிய பழம்பொருள். மூவர்க்கு மட்டும் அது குற்றப்பத்திரிகை!

மூன்றாவது, ஷினோ கிண்ணம். ஷினோ என்பது மினோ வட்டாரத்துச் சூளைகளில் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான பாண்டம். வெண்ணிற மெருகினூடே இளஞ்செம்மை கசிவது அதன் அழகு. ஓட்டா அம்மையார் அக்கிண்ணத்தை நாள்தோறும் தேநீர் பருகும் கோப்பையாகப் பயன்படுத்தி வந்தார். அதன் விளிம்பில் மங்கிய செம்பழுப்புக் கறை ஒன்று இருக்கிறது. அது மெருகிலேயே உள்ள நிறமா, அம்மையாரின் உதட்டுச் சாயம் ஊறிய தடமா என்று கண்டவரால் துணிந்து கூற இயலவில்லை. இந்த ஐயத்தில்தான் கவபாட்டாவின் நுண்மை இருக்கிறது. பரம்பரை என்பதே இத்தகைய கறைதான். எது பிறவியோடு வந்தது, எது முன்னோர் பழகியதால் படிந்தது என்று எவரால் பிரித்துரைக்க முடியும்?

இவற்றுக்கெல்லாம் எதிர்முகமாக இரண்டு காட்சிகளை ஆசிரியர் அமைத்துள்ளார். ஒரு நாள் காலையில் வேலைக்காரப் பெண், முந்நூறு ஆண்டுப் பழமையான ஒரு சுரைக்குடுவையில் காலை மலரும் கொடிப்பூ ஒன்றைச் செருகி வைக்கிறாள். குடுவையின் வயது முந்நூறு ஆண்டு. பூவின் வயது அரைநாள். மனித வாழ்வு இவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறது. மற்றொன்று, தந்தையின் 'கரட்சு' கிண்ணத்தையும் அம்மையாரின் ஷினோ கிண்ணத்தையும் பிள்ளைகள் இருவரும் அருகருகே வைத்துப் பார்க்கும் காட்சி. இறந்த இருவரும் எதிரெதிரே அமர்ந்ததுபோல் இருக்கிறது அது. கிண்ணங்கள் குற்றமற்று, நலிவற்று, அழகாக நிற்கின்றன. அவற்றின் எதிரே உயிருள்ள இருவர் குற்றவுணர்வோடு குனிந்திருக்கின்றனர்.

தொடாத காதலும் தொட்ட காதலும்

இந்நாவலில் கைகூடாத காதல் ஒன்றன்று, இரண்டு. இரண்டும் கைகூடாமற் போன காரணத்தை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலனாகும்.

முதலாவது யூகிகோ. ஜப்பானியர் நாரையை ஆயிரமாண்டு வாழும் பறவை என்று கொண்டாடுவர். திருமணத்தில் அது மங்கலச் சின்னம். ஹிரோஷிமாவின் அணுகுண்டுக் கதிரால் நோயுற்று, 1955-இல் பன்னிரண்டு வயதில் மறைந்த சடாக்கோ என்ற சிறுமி காகித நாரைகள் மடித்த கதையை நம் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பர். அதற்கு முன்பே எழுதப்பட்ட இந்நாவலின் நாரைகளும் அதே பழைய நம்பிக்கையில் பிறந்தவையே. அவ்வாறாயின் யூகிகோ மங்கலமே உருவானவள். மறுவும் கறையும் படாதவள். கிகுஜியின் வீட்டுக்கே ஒருமுறை வந்து தேநீர் கலந்து தந்துவிட்டுப் போகிறாள். அவள் போன பின்னும் அவள் மணம் அந்தத் தேநீர்க் குடிலில் தங்கியிருப்பதாக அவன் உணர்கிறான். ஆயினும் அவளை நோக்கி ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை.

பின்னர் அவன் அவளை நினைக்கும்போது என்ன நேர்கிறது? துணி நினைவுக்கு வருகிறது. அதன் வெண்ணாரைகள் நினைவுக்கு வருகின்றன. இடைக்கச்சின் மலர்கள் நினைவுக்கு வருகின்றன. முகம் மட்டும் தெளிவாக வர மறுக்கிறது. இதைவிடக் கொடிய சான்று வேறு வேண்டுமோ? அவன் பெண்ணைக் காணவில்லை, சின்னத்தைக் கண்டான். தன் அழுக்கிலிருந்து தன்னைக் கரையேற்றும் தூய்மையாக அவளை நினைத்தானே ஒழிய, பசியும் விருப்பும் சொல்லும் உடைய ஓர் உயிராக நினைக்கவில்லை. துணியில் வரைந்த நாரை பறக்காது. அதனைப் பறக்காத நாரையாகவே வைத்திருந்தவன் அவன்தான்.

கைகூடாத காதலே உயர்ந்தது, தொடாத வரையில்தான் அன்பு தூயது என்று சொல்லும் ஒரு மரபு நம்மிடையேயும் உண்டு. கதைகளிலும் திரைப்படங்களிலும் அதனைப் பாராட்டிக் கண்ணீர் உகுத்திருக்கிறோம். இந்நாவலைப் படித்த பின் அந்தப் பாராட்டில் நமக்கு ஐயம் எழுகிறது. தொடாமை எப்போதும் தூய்மையன்று. சிலபோது அது கோழைமை. ஒருவரை உயரத்தில் தூக்கி வைத்துவிட்டால் அவரோடு வாழும் பொறுப்பிலிருந்து நாம் தப்பித்துக் கொள்கிறோம். வணங்கப்படுவது யூகிகோவுக்குப் பெருமையாக இருக்கலாம். ஆனால் அவள் அங்கு வந்தது வணக்கத்தை வேண்டியன்று.

இரண்டாவது ஃபுமிகோ. இங்கே தொடுதல் நிகழ்கிறது. ஆயினும் காதல் கைகூடவில்லை. ஏன்? ஓட்டா அம்மையார் கிகுஜியிடம் அவன் தந்தையைக் கண்டார். கிகுஜி ஃபுமிகோவிடம் அவள் தாயைக் காண்கிறான். அவளுடைய தோளில், கழுத்தில், குரலில் இறந்தவரின் சாயலைத் தேடுகிறான். அவள் கொடுத்த கிண்ணத்தில் அவள் தாயின் உதட்டைத் தேடுகிறான். உயிருள்ள ஒருத்தி எதிரே நிற்க, அவள் வழியாக இறந்த ஒருத்தியை அவன் பார்த்துக் கொண்டிருக்கிறான். கண்ணாடியைப் பார்ப்பவர் எவரும் கண்ணாடியைப் பார்ப்பதில்லை அன்றோ!

ஆகவே, முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்கிறது. இக்காதல்கள் கைகூடாமைக்கு முதற்காரணம் சிகாகோவின் பொய்யன்று. பொய் கலைந்த பின்னும் அவை கைகூடவில்லை. பார்க்க வேண்டியவரைப் பாராமல், அவரிடத்தில் வேறொன்றைப் பார்த்ததே காரணம். ஒருத்தியிடம் சின்னத்தைப் பார்த்தான். மற்றொருத்தியிடம் சாயலைப் பார்த்தான். இருவரையும் பார்க்கவில்லை.

உடைத்தது சரியா?

இனி, நாவலின் உயிர்நிலைக்கு வருவோம். ஃபுமிகோ கிண்ணத்தை உடைத்தது அறமா, அழிவா?

அவள் சினத்தால் உடைக்கவில்லை. கிண்ணத்தைக் கொடுத்த பின் அவள் மனம் அமைதி இழந்தது. அதனை உடைத்துவிடும்படி கிகுஜிக்குக் கடிதம் எழுதுகிறாள். பின்னர் வந்து, அவன் படிக்குமுன் அதனைக் கிழித்தும் விடுகிறாள். அவள் சொல்லும் காரணம் எளியது. இதைவிடச் சிறந்த ஷினோ கிண்ணங்கள் உலகில் எத்தனையோ உண்டு. இதனைக் கையில் எடுக்கும்போது மேலான ஒன்று நினைவுக்கு வருமானால் அது தனக்குத் துயரம் என்கிறாள். கிண்ணத்தைப் பற்றித்தான் பேசுகிறாள். ஆனால் யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்பது நமக்கு விளங்காமற் போகாது. ஒப்பிடாதே என்பதே அவள் வேண்டுகோள். என் தாயை வேறொருவரோடு ஒப்பிடாதே. என்னை என் தாயோடு ஒப்பிடாதே.

உடைத்தது தவறு என்பாரும் உண்டு. அவர் வாதத்தையும் நாம் நேர்மையோடு கேட்க வேண்டும். அக்கிண்ணம் என்ன குற்றம் செய்தது? பெயர் தெரியாத ஒரு குயவன் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன் வனைந்தது. அதன் நெடிய வாழ்வில் கிகுஜியின் தந்தையும் ஓட்டா அம்மையாரும் ஓரிரு மணித்துளி போன்றவர்கள். அவர்களுக்கு முன் எத்தனை கைகள் அதனை ஏந்தினவோ! அவர்களுக்குப் பின்னும் எத்தனையோ கைகள் ஏந்தியிருக்கலாம். இரண்டு குடும்பங்களின் துயரத்துக்காக முந்நூறு ஆண்டு அழகை உடைத்தல் தகுமோ? மனிதர் பழியைப் பொருள்மேல் ஏற்றுவது ஒருவகை மூடத்தனம் அல்லவா?

இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. தேநீர்க் கலையின் அழகைப் போற்றுவதற்காக இந்நாவலை எழுதவில்லை, அக்கலை இன்று தாழ்ந்து கிடக்கும் நிலை கண்டு ஐயத்தையும் எச்சரிக்கையையும் தெரிவிக்கவே எழுதினேன் என்ற கருத்தைக் கவபாட்டா 1968 டிசம்பரில் நிகழ்த்திய நோபெல் உரையில் வெளியிட்டார். தாழ்ந்தது கிண்ணமன்று, அதனைக் கையாளும் மனிதரே என்பது இதனால் பெறப்படும். சிகாகோவின் கையில் அக்கலை தரகு வேலைக்கும் உளவுக்கும் கருவியாகிவிட்டது. கலைப்பொருளை வைத்து மனிதரை ஆட்டிப் படைக்கிறாள் அவள்.

ஆயினும் நாம் ஃபுமிகோவின் பக்கமே நிற்கிறோம். அந்நாவலில் இறந்தவர்களின் ஆட்சியை எதிர்த்துக் கையை உயர்த்தியவள் அவள் ஒருத்தியே. அவள் உடைத்தது கிண்ணத்தையன்று, ஒப்புமையை. உடைத்த பின் கிகுஜிக்கு ஒன்று விளங்குகிறது. ஃபுமிகோ இப்போது எவருடைய சாயலும் அல்லள்; ஒப்பற்றவள். ஒரு மனிதரைக் காதலிப்பது என்பதன் பொருளே அதுதானே! அதுவரை அவனுக்குக் கைவராத அந்தக் கணம் கிண்ணம் உடைந்தபோது கைவந்தது.

ஆனால் வந்த கணம் நிலைக்கவில்லை. விடியற்காலையில் எழுந்த கிகுஜி தோட்டத்துக் கற்களிடையே சிதறிய துண்டுகளைத் தேடிப் பொறுக்குகிறான். பெரிய துண்டுகள் கிடைக்கின்றன. விளிம்பில் ஒரு சிறு சில்லு மட்டும் இல்லை. அதனைத் தேடத் தொடங்கியவன் தலை நிமிர்கிறான். கிழக்கே மரங்களினூடே விடிவெள்ளி ஒளிர்கிறது. அதனைப் பார்த்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் புத்தொளியின் முன் உடைந்த கிண்ணத்தை ஒட்டவைக்க முயலும் தன் செயல் அவனுக்கே இரங்கத்தக்கதாகத் தோன்றுகிறது. துண்டுகளைக் கீழே போடுகிறான்.

நாவல் முழுவதிலும் எவருடைய கையும் படாத ஒரு பொருளை அவன் பார்த்தது அப்போதுதான். விடிவெள்ளிக்கு முன்னாள் உரிமையாளர் இல்லை; அதன் விளிம்பில் எவர் உதட்டுக் கறையும் இல்லை. ஆனால் அவன் அதனைப் பார்த்த பின்னும் மீண்டும் குனிந்து துண்டுகளைத் திரட்டித் தாளில் சுற்றி வைத்துக் கொள்கிறான்! பழக்கம் அவ்வளவு வலியது. ஃபுமிகோ ஏன் போனாள் என்று ஆசிரியர் சொல்லவில்லை. கிண்ணத்தை உடைத்த கை அவளுடையது மட்டுமே. அவனும் தன் பார்வையை உடைத்திருக்க வேண்டும் என்று மட்டும் நமக்குத் தோன்றுகிறது.

நம் வீட்டுப் பாத்திரங்கள்

இத்தனையும் படித்துவிட்டு, இது ஜப்பானியர் கதை என்று நூலை மூடி வைத்துவிட இயலவில்லை. பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்து வாழும் நம் குடும்பங்களிலும் ஷினோ கிண்ணங்கள் இருக்கின்றன. இடமில்லாத அரசுக் குடியிருப்பின் பரண்மேல், பாட்டியின் பெயர் வெட்டிய பித்தளைக் குடம் ஒன்று இருக்கும். கொள்ளுப்பாட்டியின் குத்துவிளக்கு ஒன்று வெள்ளிக்கிழமை தோறும் கீழிறங்கும். வீடு மாறும்போதெல்லாம் அதனைத் தூக்கிச் சுமக்கிறோம். அதில் தவறில்லை. ஊரும் உறவும் தொலைவில் இருக்கும்போது, அந்தப் பித்தளையே நமக்கு ஊர். அதன்மேல் வெட்டிய பெயரே நமக்கு உறவு.

பொருளோடு வேறு சிலவும் வந்து சேர்கின்றன. பேரன் என்ற சொல்லையே எடுத்துக் கொள்வோம். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ஆதலின் அவன் பெயரன். அதுவே பேரன் என மருவிற்று. எவ்வளவு அழகிய வழக்கம்! மறைந்தவர் மீண்டும் நம் வீட்டு முற்றத்தில் தவழ்வதாக நினைத்து மகிழ்கிறோம். ஆனால் பெயரைக் கொடுத்த நாம் அத்தோடு நிற்பதில்லை. பிள்ளை சினந்தால், "அப்படியே தாத்தாவின் முன்கோபம்" என்கிறோம். மகள் மறுத்துப் பேசினால், "அத்தையின் பிடிவாதம் எங்கே போகும்?" என்கிறோம். தான் கண்ணாலும் கண்டிராத ஒருவரின் சாயலாக அக்குழந்தை நம் எதிரே நிற்கிறது. அதன் சினத்துக்கு அதற்கே உரிய காரணம் ஒன்று இருக்கக்கூடும். அதனை நாம் கேட்பதில்லை.

திருமணப் பேச்சு வரும்போது இது இன்னும் வெளிப்படை. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஊரில் நடந்த சண்டை ஒன்று, வரப்புத் தகராறோ சீர் வரிசையில் நேர்ந்த குறையோ, ஆயிரத்தைந்நூறு மைல் பயணம் செய்து நம் கூடத்தில் வந்து அமர்கிறது. சண்டையிட்டவர்களில் பாதிப்பேர் இன்று உயிரோடு இல்லை. ஆயினும் அவர்களுடைய தீர்ப்பே செல்லுபடியாகிறது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, அந்த ஊரின் வரப்பையே கண்டறியாத இருவர் அத்தீர்ப்புக்குத் தலை வணங்க வேண்டியவராகின்றனர். கிகுஜியும் ஃபுமிகோவும் தொலைவில் இல்லை.

அப்படியானால் பாத்திரங்களை உடைத்துவிடலாமா? வேண்டா. ஃபுமிகோ வேறு வழியின்றி உடைத்தாள். உடைக்க நேராதபடி வாழ்வதே அறிவுடைமை. முன்னோர் விட்டுச் சென்ற பாண்டத்தை ஏற்றுக்கொள்வது வேறு. அவர்களுடைய கணக்கை ஏற்றுக்கொள்வது வேறு. குடத்தைத் துலக்கி வைப்போம், விளக்கை ஏற்றுவோம், பெயரையும் இடுவோம். ஆனால் அப்பெயரைத் தாங்கிய பிள்ளை கதவைத் திறந்து உள்ளே வரும்போது, முதன்முறையாகக் காண்பவர்போல் அவன் முகத்தைப் பார்ப்போம். இறந்தவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் நினைவு. இருப்பவர்களுக்குச் செலுத்த வேண்டிய கடன் பார்வை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடைக்க முடியாது.

கிகுஜி தன் வாழ்வில் பார்த்தவை பல. கிண்ணத்தைப் பார்த்தான், கறையைப் பார்த்தான், துணியின் நாரையைப் பார்த்தான், ஒருமுறை விடிவெள்ளியையும் பார்த்தான். தன் எதிரே நின்ற பெண்ணை அவன் முழுமையாகப் பார்த்தபோது இரவு முடிந்துவிட்டது. பொழுது விடிந்து தேடிச் சென்றபோது அவள் இல்லை.

நம் வீடுகளில் இன்னும் பொழுது இருக்கிறது.